லினக்ஸின் பழைய பொதிகள் எங்கே போகின்றன? மிரர் வேறு, ஆவணகம் வேறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பாடசாலைக் கணினி ஆய்வுகூடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2010 ஆம் ஆண்டளவில் கிடைத்த கணினிகளில் உபுண்டு 10.04 நிறுவப்பட்டிருக்கிறது. ஒரு கணினியின் வன்தட்டு பழுதாகிறது. ஆசிரியர் அலுமாரியிலிருந்து பழைய இறுவட்டைத் தேடியெடுத்து மீண்டும் நிறுவுகிறார். பிறகு தமிழ் எழுத்துரு ஒன்றையும் தட்டச்சுக் கருவியையும் சேர்ப்பதற்குக் கட்டளை கொடுக்கிறார். ஒவ்வொரு வரியிலும் 404 என்ற எண்ணோடு பிழைச்செய்தி வருகிறது. இணைப்பில் கோளாறு என்று நினைத்து ரௌட்டரை அணைத்துப் போடுகிறார். மீண்டும் அதே 404.

இணைப்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் கணினி கேட்கும் கோப்புகள் அது தேடும் இடத்தில் இப்போது இல்லை. உபுண்டு 10.04 இன் மேசைக்கணினிப் பதிப்புக்கான ஆதரவு 2013 இலும் வழங்கிப் பதிப்புக்கான ஆதரவு 2015 இலும் முடிந்தன. அதன்பின் அதன் கோப்புகள் வழக்கமான வழங்கிகளிலிருந்து அகற்றப்பட்டு, பழைய வெளியீடுகளுக்கென உள்ள தனி வழங்கிக்கு மாற்றப்பட்டன. முகவரியை மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ஆனால் முகவரி மாறியதை அந்தக் கணினிக்கு யாரும் சொல்லவில்லை, ஆசிரியருக்கும் சொல்லவில்லை.

பழைய மென்பொருள் தானாகவே எங்கோ பத்திரமாக இருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். லினக்ஸ் உலகில் அது பாதி உண்மைதான். எது சேமிக்கப்படுகிறது, எது அழிகிறது, யார் சேமிக்கிறார்கள் என்பவை தமிழில் கணினியைப் பயன்படுத்துவோரும் அறிந்திருக்க வேண்டிய விடயங்கள்.

பொதி, களஞ்சியம், மிரர்

லினக்ஸ் என்பது தனியொரு மென்பொருளாக வருவதில்லை. கருனி, மேசைத்தளம், உலாவி, எழுத்துருக்கள், அச்சுப்பொறி இயக்கிகள் என ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒருவர் தொகுத்து, ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சோதித்து வெளியிடுகிறார். அந்தத் தொகுப்பை வழங்கல் என்றும், அதிலுள்ள ஒவ்வொரு துண்டையும் பொதி என்றும் சொல்கிறோம். 1993 ஓகஸ்ட்டில் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன், இன்றும் இயங்கும் மிகப் பழைய வழங்கல்களில் ஒன்று. உபுண்டு அதன் வழியே வந்தது. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அதன் வழியே வந்ததுதான். 2011 முதல் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் அது இடம்பெற்றது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 இல் மட்டும் 64,000 க்கும் அதிகமான பொதிகள் இருந்தன.

இந்தப் பொதிகள் களஞ்சியம் எனப்படும் வழங்கியில் அடுக்கப்பட்டிருக்கும். உலகம் முழுவதும் ஒரே வழங்கியை மொய்க்கக்கூடாது என்பதற்காகப் பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் அதன் பிரதிகளைத் தங்கள் வழங்கிகளில் வைத்திருக்கின்றன. இவற்றுக்கு மிரர் என்று பெயர். பெயர் நன்றாகவே பொருந்துகிறது. கண்ணாடி தன் முன்னால் இப்போது நிற்பதை மட்டும் காட்டும், நேற்று நின்றவரை நினைவில் வைத்திருக்காது.

டெபியனின் 'நிலையற்ற' கிளையில் ஒரு நாளில் நான்கு தடவை புதிய பொதிகள் களஞ்சியத்துக்குள் நுழைகின்றன. ஒரு பொதியின் புதிய பதிப்பு வந்ததும் பழையது தேவையற்றதாகக் குறிக்கப்பட்டுச் சில நாள்களுக்குள் நீக்கப்படுகிறது. 'நிலையான' கிளையில் மாற்றம் மிக மெதுவாக நடந்தாலும் விதி ஒன்றுதான். பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்து அடுத்த இடைவெளியீட்டில் சேர்ந்துவிட்டால் முந்தைய பதிப்பு போய்விடும். மிரர்கள் சேர்ப்பதைப் பிரதிசெய்வது போலவே அழிப்பதையும் பிரதிசெய்கின்றன. நூறு இடங்களில் பிரதி இருப்பதனால் ஒன்றும் அழியாது என்று நினைப்பது தவறு. மூலத்தில் அழிந்தது சில மணி நேரத்தில் நூறு இடங்களிலும் அழிந்துவிடும்.

இதை வழங்கல்காரர்களின் அலட்சியம் என்று சொல்ல முடியாது. எல்லாப் பதிப்புகளையும் வைத்திருந்தால் மிரர் நடத்துவோரின் வன்தட்டுகள் தாங்காது. இலவசமாக இடம் கொடுப்பவரிடம் எல்லையில்லாத இடத்தைக் கேட்க முடியாது. ஆகவே ஆவணப்படுத்தல் வேறொருவரின் வேலையாகிறது.

நாளுக்கு நான்கு படம்

டெபியனில் அந்த வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலாவது, ஆயுள் முடிந்த வெளியீடுகளை முழுதாக வைக்கும் ஆவணக வழங்கி. 1990களின் வெளியீடுகள் கூட அதில் உள்ளன. ஆனால் ஒரு வெளியீடு அங்கு போய்ச் சேரும்போது அதன் இறுதி நிலைதான் போகும். இடையில் வந்து மறைந்த பதிப்புகள் அதில் இருக்கமாட்டா.

இடைப்பட்டவற்றை வைத்திருப்பது இரண்டாவது இடம். அதற்கு 'ஸ்நாப்ஷொட்' என்று பெயர். 2010 ஏப்ரலில் டெபியன் திட்டம் அதைப் பொதுமக்களுக்கு அறிவித்தது. அதற்கு முன் ஃபுமிதொஷி உகாய் என்ற ஜப்பானிய டெபியன் உருவாக்குநர் இதேபோன்ற சேவையைத் தம் முயற்சியில் நடத்திவந்தார். இன்றைய ஆவணகத்தில் 2005 மார்ச் முதலான களஞ்சிய நிலைகள் இருக்கின்றன. களஞ்சியம் மாறும் ஒவ்வொரு தடவையும், அதாவது நாளுக்கு ஏறக்குறைய நான்கு முறை, அது அப்படியே படம் பிடிக்கப்படுகிறது. 2014 ஏப்ரல் 7 ஆம் திகதி மாலையில் டெபியன் எப்படி இருந்தது என்று கேட்டால், அந்த நேரத்தின் முழுக் களஞ்சியத்தையும் ஒரு கணினி அணுகக்கூடிய முகவரியாகத் தரும்.

இவ்வளவையும் எப்படி வைத்திருக்கிறார்கள்? ஒவ்வொரு படத்துக்கும் எல்லாக் கோப்புகளையும் மீண்டும் மீண்டும் சேமித்தால் எந்த வழங்கியும் போதாது. ஆகவே ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு கணித முத்திரை கணக்கிடப்படுகிறது. அந்த முத்திரைதான் சேமிப்பில் அந்தக் கோப்பின் பெயர். ஒரே கோப்பு ஆயிரம் படங்களில் வந்தாலும் வன்தட்டில் ஒரு தடவைதான் இருக்கும். எந்த நேரத்தில் எந்தப் பெயரில் எந்த முத்திரைக்குரிய கோப்பு இருந்தது என்ற பட்டியல் தரவுத்தளத்தில் இருக்கும். இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் ஆவணகம் 100 டெராபைட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

தொடக்க காலத்தில் பிரித்தானியாவின் சாங்கர் நிறுவனமும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகமும் இதற்கு இடமளித்தன. டெபியன் பயன்படுத்தும் கோடிக்கணக்கான கணினிகளுக்கு, கடந்த காலத்தை வைத்திருக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இதற்குத் தனியான பெரிய அலுவலகமோ ஊழியர் படையோ கிடையாது. சில தொண்டர்களின் உழைப்பிலும் நன்கொடையாகக் கிடைத்த வன்பொருளிலும் ஓடுகிறது.

மற்ற வழங்கல்களின் கதை பலவிதம். உபுண்டு தன் பழைய வெளியீடுகளைத் தனி வழங்கியில் வைக்கிறது. 2023 மார்ச் முதலான நிலைகளுக்கு டெபியனைப் போன்ற படச் சேவையையும் இப்போது தருகிறது. ஆர்ச் லினக்ஸுக்கு முன்பு தன்னார்வலர் ஒருவர் நடத்திய பின்வாங்கல் சேவை 2013 இல் நின்றுபோன பிறகு, திட்டமே ஆவணகத்தைப் பொறுப்பேற்றது. மிகப் பழைய ஆர்ச் பொதிகள் இன்டர்நெட் ஆர்கைவ் நூலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளன. பாஸ் போன்ற வழிப்பிறப்பு வழங்கல்களில் சிக்கல் இன்னொரு படி அதிகம். அடியில் உள்ள டெபியன் பொதிகளை ஸ்நாப்ஷொட்டில் தேடிப் பிடிக்கலாம். ஆனால் அந்த வழங்கல் தானாகச் செய்து சேர்த்த பொதிகள் டெபியனின் ஆவணகத்தில் இருக்காது. இந்திய மொழிகளுக்காகச் சேர்த்தவை பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் வரும்.

5.6.1+ரியலி5.4.5-1

பழைய பதிப்பு எதற்கு, புதியதுதானே பாதுகாப்பானது என்று கேட்பவர்களுக்கு 2024 இல் நடந்ததைச் சொல்லவேண்டும்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. 2024 மார்ச் 29 ஆம் திகதி, அன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர் அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைவான பின்வாசல் வைக்கப்பட்டிருப்பதை அறிவித்தார். வேறொரு கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்துத்தான் அவர் அதைத் தேடத் தொடங்கினார். 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் திட்டத்தில் பங்களித்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் அதை நுழைத்திருந்தார்.

டெபியனின் நிலையான கிளையில் பழைய 5.4.1 இருந்ததால் அது தப்பியது. சோதனைக் கிளையும் நிலையற்ற கிளையும் மாட்டிக்கொண்டன. உடனே பழைய பதிப்புக்குத் திரும்பவேண்டும். ஆனால் பொதி மேலாளர் எண் கூடினால்தான் இற்றைப்படுத்தும், குறைந்தால் திரும்பிப் பார்க்காது. ஆகவே உள்ளே பழைய 5.4.5 ஐ வைத்து, வெளியே எண் கூடியதாகத் தெரியும்படி '5.6.1+ரியலி5.4.5-1' என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். 'உண்மையில் 5.4.5' என்று எண்ணிலேயே எழுதிவிட்டார்கள். பழையது புதியதாக வேடமிட்டு வந்து கணினிகளைக் காத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. நச்சுப்பகுதியின் ஒரு முக்கியத் துண்டு பொதுவில் தெரியும் மூலநிரலில் இல்லை. வெளியீட்டுக்காகச் சுருக்கிக் கட்டப்பட்ட கோப்பில் மட்டுமே இருந்தது. விடயம் வெளியானதும் திட்டத்தின் கிட்ஹப் பக்கம் சில நாள்கள் முடக்கப்பட்டது. ஃப்ராய்ண்ட் தம் அறிவித்தலிலேயே டெபியன் எடுத்து வைத்திருந்த பிரதியைத்தான் சுட்டிக் காட்டினார். நல்ல பதிப்புகளை வைத்திருப்பதைப் போலவே கெட்ட பதிப்பையும் வைத்திருப்பது ஆவணகத்தின் வேலை. குற்றம் நடந்த இடத்தைக் கழுவிவிட்டால் பிறகு எதை வைத்து விசாரிப்பது?

இதே காரணத்தால்தான், மூலநிரலிலிருந்து மீண்டும் கட்டினால் அதே பொதி எழுத்துக்கு எழுத்து வருகிறதா என்று சோதிக்கும் முயற்சி டெபியனில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதற்கு அன்று பயன்படுத்திய தொகுப்பி, நூலகங்கள் அனைத்தினதும் அதே பதிப்புகள் வேண்டும். ஆவணகம் இல்லாமல் இந்தச் சோதனை இல்லை.

தமிழுக்கு என்ன?

இதுவரை சொன்னது எல்லா மொழிக்காரருக்கும் பொது. தமிழில் கணினியைப் பயன்படுத்துவோருக்குத் தனியான காரணங்கள் உண்டு. நம் எழுத்து கணினியில் காட்டப்படும் விதமே கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பல தடவை மாறியிருக்கிறது.

ஒரு சிறிய எடுத்துக்காட்டு 'ஸ்ரீ'. யூனிகோட்டில் ஆரம்பத்தில் அதை 'ஸ்' உடன் 'ரீ' சேர்த்து எழுதினார்கள். 2005 இல் வந்த யூனிகோட் 4.1 இல் 'ஶ' என்ற எழுத்துக்குத் தனி இடம் கொடுக்கப்பட்டது. அதன்பின் 'ஶ்' உடன் 'ரீ' சேர்ப்பதே முறை என்றானது. இரண்டும் திரையில் ஒரே வடிவில் தெரியலாம். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பழைய எழுத்துருவில் புதிய முறை உடைந்து தனித்தனி எழுத்தாகத் தெரியும். ஸ்ரீலங்கா என்ற பெயரைத் தாங்கிய அரச ஆவணங்கள் எத்தனை ஆயிரம் என்று நினைத்துப் பாருங்கள். 2004 இல் செய்த ஒரு ஆவணம் அன்று எப்படித் தெரிந்தது என்று சரிபார்க்க வேண்டுமானால் அன்றைய எழுத்துருவும் அன்றைய எழுத்துக்கோப்பு நூலகமும் வேண்டும்.

தட்டச்சிலும் இதே நிலைதான். 2009 ஒக்டோபரில் வந்த உபுண்டு 9.10 இல், அதுவரை இருந்த ஸ்கிம் என்ற உள்ளீட்டுக் கருவிக்குப் பதிலாக ஐபஸ் வந்தது. ஸ்கிமுக்காக ஒருவர் தம் கைப்பட அமைத்து வைத்திருந்த விசைப்பலகை அட்டவணை ஐபஸில் அப்படியே வேலை செய்யாது. இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை இன்று ஐபஸ் வழியாகவும் கிடைக்கிறது என்பது ஆறுதல். எழுத்துருப் பொதிகளின் பெயர்களும் மாறின. டெபியனில் ஒருகாலத்தில் 'டிடிஎஃப்' என்று தொடங்கிய பெயர்கள் பின்னர் 'ஃபொன்ட்ஸ்' என்று தொடங்குமாறு மாற்றப்பட்டன. பழைய குறிப்பைப் பார்த்து நிறுவப் போகிறவருக்கு எழுத்துரு இல்லை என்றே பதில் வரும். அது பெயர் மாற்றி இருக்கிறது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய விடயம் பழைய உரைகளின் மாற்றம். நம் பத்திரிகைகளும் அச்சகங்களும் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களில் வேலை செய்தன. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். ஆரம்பகால மின்னூல்கள் பல டிஸ்கி குறியேற்றத்தில் இருந்தன. இவற்றை யூனிகோட்டுக்கு மாற்றுவதற்கு ஆர்வலர்கள் எழுதிய சிறு நிரல்களில் பைதான் 2 மொழியில் அமைந்தவையும் உண்டு. பைதான் 2 க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 ஆம் திகதியுடன் முடிந்தது. டெபியன் 12 இல் அது முற்றாக இல்லை. டெபியன் 11 தான் அதைத் தந்த கடைசி வெளியீடு. மாற்று நிரல் உங்கள் கையில் இருக்கலாம். அதை ஓட்டும் மொழிபெயர்ப்பிக்குப் பழைய களஞ்சியத்தைத் தான் நாடவேண்டும்.

எண்ணிமப்படுத்தல் வேலையில் இருப்பவர்களுக்கு எழுத்துணரி இன்னொரு எடுத்துக்காட்டு. அச்சுப்பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளுக்குத் தமிழ்ப் பொதி உண்டு. டெபியன் 9 இல் இருந்தது டெசராக்ட் 3.04. டெபியன் 10 இல் 4.0. இடையில் அது எழுத்தை உணரும் முறையே நரம்பணு வலையமைப்புக்கு மாறிவிட்டது. ஒரே பக்கத்தை இரண்டிலும் கொடுத்தால் இரண்டு வகையான பிழைகள் வரும். 2018 இல் ஆயிரம் பக்கங்களை உணர்வித்து வைத்த ஒருவர், 'எந்தப் பதிப்பால், எந்தப் பயிற்சித் தரவால்' என்று எழுதி வைக்காவிட்டால், இந்தப் பிழை மூலநூலில் இருந்ததா கருவியால் வந்ததா என்று பின்னர் சொல்ல முடியாது.

இது நமக்குப் புதிய பிரச்சினை இல்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியபோது செய்த வேலையும் இதுதான். கிடைத்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார். பாடபேதம் என்று நாம் சொல்வதும் பதிப்பு வேறுபாடுதான். ஒரே ஒரு ஏடுதான் மிஞ்சியது என்றால் அதிலுள்ளது சரியா பிழையா என்று கேட்கவே வழியில்லை. ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் போன்ற முயற்சிகள் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் காக்கின்றன. அந்த எண்ணிம வடிவத்தைத் திறக்கவும் உருவாக்கவும் வேண்டிய மென்பொருளும் அதே கவனத்துக்கு உரியது என்பதே இங்கு சொல்ல வருவது. நூலகம் தளம் மீடியாவிக்கியில் இயங்குகிறது. மீடியாவிக்கியின் ஒவ்வொரு பதிப்பும் பிஎச்பி மொழியின் குறிப்பிட்ட பதிப்புகளைத்தான் ஏற்கும். டெபியன் 8 இல் பிஎச்பி 5.6, அடுத்த டெபியன் 9 இல் 7.0. பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு தளத்தின் காப்புப்பிரதியை இன்று உயிர்ப்பிக்க முயலும் எவரும் இந்தச் சுவரில்தான் முட்டுவார்கள்.

வன்பொருளும் ஒரு காரணம். 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. உபுண்டு அதற்கு முன்பே கைவிட்டது. செல்வந்த நாடுகளில் இவை குப்பைக்குப் போய்விட்ட கணினிகள். நம் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் தட்டச்சு பழக இன்னும் போதுமானவை. இனி அவற்றுக்குப் பழைய வெளியீடுகள்தான் கதி.

எடுப்பதும் வைப்பதும்

பழைய பதிப்பை எடுப்பதில் மூன்று இடையூறுகள் வரும். முதலாவது, முகவரி. 2019 மார்ச்சில் டெபியன் 8 இன் ஒரு பகுதி மிரர்களிலிருந்து அகற்றப்பட்டபோது உலகெங்கும் தானாக ஓடிக்கொண்டிருந்த கட்டுமான வேலைகள் ஒரே நாளில் நின்றன. 2023 ஏப்ரலில் டெபியன் 9 க்கும் இதே நடந்தது. தீர்வு ஒன்றுதான்: களஞ்சியப் பட்டியல் கோப்பில் வழக்கமான முகவரியை ஆவணகத்தின் முகவரியாக மாற்றுவது.

இரண்டாவது, காலாவதி. களஞ்சியப் பட்டியலில் இது இன்ன திகதிவரை செல்லும் என்ற குறிப்பு இருக்கக்கூடும். திகதி கடந்ததும் பொதி மேலாளர் மறுத்துவிடும். பழைய பட்டியலைக் காட்டி உங்களை ஏமாற்றி ஓட்டையுள்ள மென்பொருளை நிறுவ வைக்கக்கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. ஆவணகத்திலிருந்து எடுக்கும்போது மட்டும் அந்தச் சோதனையை அணைக்கலாம். கையொப்பச் சோதனையையும் சேர்த்து அணைத்துவிடச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். அதைச் செய்யவேண்டாம். திறவுகோல் காலாவதியாகியிருந்தால் பழைய திறவுகோல்களுக்கான பொதியை டெபியனே தருகிறது.

மூன்றாவது, சார்பு. ஒரு பொதியை மட்டும் பழையதாக இறக்கினால் அது கேட்கும் நூலகங்களும் பழையதாக வேண்டும். அவை இன்னொன்றை உடைக்கும். புதிய கணினியில் பழைய பொதிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செருகுவதைவிட, ஒரு பழைய வெளியீட்டை முழுதாக ஒரு மெய்நிகர் கணினிக்குள் நிறுவி, அதற்கு இணையத் தொடர்பு கொடுக்காமல் வேலையை முடிப்பதே நல்லது. இணையத் தொடர்பு வேண்டாம் என்பது வெறும் எச்சரிக்கை வாசகம் அன்று. 2014 இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகளில் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆவணகம் திருத்தி வைப்பதில்லை.

டெபியனில் ஒற்றைப் பொதியின் பழைய பதிப்பைத் தேடி எடுக்க 'டெப்ஸ்நாப்' என்ற சிறு கருவி உண்டு. பொதியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கொடுத்தால் ஸ்நாப்ஷொட்டிலிருந்து இறக்கித் தரும். ஸ்நாப்ஷொட் மெதுவானது. ஒரே நேரத்தில் பெருமளவு இறக்கினால் தடுத்துவிடும். அளவான இணையப் பொதியில் வேலை செய்பவர்கள் மின்வெட்டையும் கணக்கில் எடுத்துத் துண்டு துண்டாக இறக்குவது நல்லது.

இனி, நாமே வைத்துக்கொள்வது பற்றி. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இப்போது நிறுவப்பட்டுள்ள பொதிகளின் பட்டியலை, பதிப்பு எண்களோடு, ஒரு உரைக்கோப்பாக எடுப்பதற்கு ஒரே கட்டளை போதும். அந்தக் கோப்பு சில நூறு கிலோபைட் தான் வரும். அது இருந்தால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் எதைத் தேடவேண்டும் என்று தெரியும். இல்லாவிட்டால் முழு ஆவணகமும் இருந்தும் பயனில்லை. எண்ணிமப்படுத்தும் அமைப்புகள் ஒவ்வொரு தொகுதி வேலையின் அருகிலும் இந்தப் பட்டியலை வைக்கவேண்டும் என்பது என் கருத்து. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்தது பொதிகள். ஆப்ட்-கெட் கட்டளை இறக்கிய பொதிகளைக் கணினியிலேயே வைத்திருக்கும், நீங்களாகத் துடைக்கும்வரை. புதிய ஆப்ட் கட்டளை நிறுவி முடிந்ததும் அழித்துவிடும். இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாது. அமைப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் இதுவும் அழிக்காமல் வைக்கும். பத்துப் பதினைந்து கணினிகள் உள்ள ஆய்வுகூடமானால் ஒன்றில் இடைச்சேமிப்பு வழங்கியை நிறுவலாம். ஒரு பொதி ஒரு தடவைதான் வெளியிலிருந்து வரும், மற்றக் கணினிகள் உள்ளேயே எடுத்துக்கொள்ளும். தரவுக் கட்டணமும் மிச்சம், பழைய பதிப்பும் கையில். இன்னும் முறையாகச் செய்ய விரும்புவோருக்கு ஆப்ட்லி என்ற கருவி மிரரை எடுத்து அதன் நிலையைத் திகதியிட்டு உறையவைக்கும் வசதியைத் தருகிறது. பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்கோ பெரிய நூலகத்துக்கோ இது கடினமான வேலை அன்று. ஒரு வெளியீட்டின் ஒரே வகைக் கணினிக்குரிய பொதிகள் முழுவதும் கடையில் விற்கும் ஒரு சாதாரண வெளி வன்தட்டில் தாராளமாக அடங்கும்.

அப்படி வைக்கும்போது மூலநிரல் பொதிகளையும் சேர்த்து வைக்கவேண்டும். கட்டிய பொதியைப் பிறருக்குக் கொடுப்பவர் மூலநிரலையும் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது ஜிபிஎல் உரிமத்தின் விதி. பின்னால் கொடுக்கிறேன் என்று எழுத்தில் உறுதியளித்தால் அது குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக வேண்டும். உரிமத்தை விட்டாலும், புதிய கணினியில் பழைய கருவியை ஓட்ட வேண்டி வந்தால் மூலநிரலிலிருந்து மீண்டும் கட்டுவதுதான் கடைசி வழி. பிரான்சில் 2016 இல் தொடங்கப்பட்ட சொஃப்ட்வெயர் ஹெரிட்டேஜ் ஆவணகம் மூலநிரலை மட்டும் சேர்க்கிறது. டெபியனின் மூலங்களும் அதில் போகின்றன. எங்காவது பொதுவெளியில் வெளியிடப்பட்டிருந்தால்தான் அதன் கைக்குச் சிக்கும். ஒருவர் தம் மடிக்கணினியில் எழுதி, நண்பர்களுக்கு யூஎஸ்பியில் கொடுத்த பாமினி மாற்றியோ விசைப்பலகை அட்டவணையோ எந்த ஆவணகத்திலும் இல்லை.

உபுண்டு 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் இறுவட்டுகளை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. அவற்றில் சில நம்மவர் வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். எழுதக்கூடிய இறுவட்டுகளில் நண்பர்கள் பிரதிசெய்து கொடுத்தவை அதைவிட அதிகமாக இருக்கும். பதிவுசெய்யும் இறுவட்டின் சாயம் வெப்பத்திலும் ஈரத்திலும் கெடும், நம் காலநிலையில் விரைவாகவே கெடும். அப்படி ஏதும் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு கணினியில் இட்டு, வாசிக்க முடிகிறதா என்று பார்த்து, முழு இறுவட்டையும் ஒரே கோப்பாக வன்தட்டுக்கு எடுத்துவிடலாம். கோப்பின் பெயரில் வழங்கலின் பெயர், பதிப்பு எண், 32 பிட்டா 64 பிட்டா என்பது ஆகிய மூன்றும் இருக்கட்டும். உள்ளே நீங்களாகச் சேர்த்த எழுத்துருவோ நிரலோ இருந்தால் அதை யார் எப்போது செய்தது என்று பக்கத்தில் ஒரு உரைக்கோப்பில் எழுதிவையுங்கள்.